ஃபேனை நிறுத்துங்க சார்

சித்திரை வெயிலில் திருச்சி எப்படி இருக்கும் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே, கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைக் காடாச் சட்டை, தோல் கையுறை, தலையில் ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். கற்றுக்கொடுக்க வந்தவர் மெஷினை ஆன் செய்தார், கேஸைத் திறந்தார், பிறகு மேலே ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃபேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபேனை நிறுத்துங்க சார்." ஆர்கான் வெல்டிங்கில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். இத்தனை மாதம் கழித்துப் பார்த்தால் பாடமே அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்கு எழுதின விளக்கவுரை என்று தோன்றுகிறது.

நான் வெல்டர் இல்லை. டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆடிட் என்று ஸ்கிரீனைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன். ஆனால் குடியிருப்பது திருவெறும்பூர்ப் பக்கம். பெல் கம்பெனி பாய்லர் செய்கிற ஊர், அதைச் சுற்றித் துவாக்குடி வரை சின்னதும் பெரிதுமாகப் பட்டறைகள், வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975-இலிருந்து இங்கே இருக்கிறது. தெருவுக்கு ஒரு வெல்டராவது இருப்பார். டீக்கடையில் ஒரு பையனைப் பற்றி "சிக்ஸ் ஜி அடிச்சிட்டான்" என்று பேசினால், குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டி வைத்து, அதைச் சுற்றி இவன் வளைந்து நெளிந்து வெல்டு வைத்துப் பாஸாகிவிட்டான், அடுத்து வளைகுடாவுக்கு விசா வரும் என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஊரில் நாற்பது வயது வரை ஒரு டாக் கூட, அதாவது ஒரு புள்ளி வெல்டு கூட, வைக்கத் தெரியாமல் இருந்ததே கொஞ்சம் வெட்கம்தான்.

ஆரம்பித்து வைத்தது அம்மாவின் எவர்சில்வர் தூக்குவாளி. கைப்பிடி மாட்டுகிற காது ஒன்று பிய்ந்து, பிய்ந்த இடத்தில் வாளியும் ஒரு விரல்நகம் அளவுக்குக் கிழிந்துவிட்டது. பாத்திரக் கடையில் "எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க" என்றார்கள். அம்மா கேட்கவில்லை. வாளியில் தாத்தா பெயரும் 1974 என்று வருடமும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறது, சீர் வரிசையில் வந்தது. கேட் வைக்கிற வெல்டிங் கடையில் காட்டினால் அவர் சிரித்தார்: "இதுல ராடு வெச்சா வாளியே இருக்காது. ஆர்கான் வெக்கிறவங்ககிட்ட போங்க." புத்தகத்தில் டிக் வெல்டிங் என்று இருப்பதற்கு இந்தப் பக்கம் ஆர்கான் வெல்டிங் என்றுதான் பெயர்.

ஆர்கான் வைக்கிறவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். துவாக்குடியில் ஒரு பட்டறையில் பாய்லர் குழாய் வைத்து, நடுவில் எட்டு வருடம் வளைகுடாவில் இருந்து, இப்போது பேரனை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை மட்டும் பார்க்கிறவர். வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் வெச்சுத் தர்றேன், அஞ்சு நிமிஷம்" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, "எனக்குச் சொல்லிக் கொடுங்களேன், நானே வைக்கிறேன்" என்றேன். அந்த ஐந்து நிமிஷ வேலை மூன்று மாதமானது.

விஷயம் இதுதான். சாதாரண ராடு வெல்டிங்கில் ராடே எரிந்து உருகும், அதன் மேல் பூசியிருக்கிற மருந்து புகையும் கசடுமாக மாறி உருகிய இரும்பை மூடிக் காப்பாற்றும், பிறகு சுத்தியலால் தட்டிக் கசடை எடுத்துவிடலாம். ஆர்கானில் மருந்து கிடையாது, கசடு கிடையாது. கையில் பிடிக்கிற வெல்டிங் டார்ச்சின் நுனியில் பென்சில் சீவினதுபோல ஒரு டங்ஸ்டன் ஊசி. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதனால் அது உருகாமல் ஆர்க்கை, அதாவது ஊசிக்கும் இரும்புக்கும் நடுவே எரிகிற மின்பொறியை, மட்டும் பிடித்து நிற்கும். உருகுவது நாம் ஒட்டுகிற இரும்பும், இன்னொரு கையால் நாம் ஊட்டுகிற கம்பியும். இதையெல்லாம் காற்றிலிருந்து காப்பாற்ற ஊசியைச் சுற்றியிருக்கிற பீங்கான் கப் வழியாக ஆர்கான் இறங்கிக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர். அந்தக் கண்ணுக்குத் தெரியாத குடையை ஒரு ஃபேன் காற்று கலைத்துவிடும். கலைந்த இடத்தில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்து, வெல்டு இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். அதனால்தான் ஃபேன்.

ஆர்கானே காற்றிலிருந்து எடுப்பதுதான். நாம் மூச்சு விடுகிற காற்றில் ஏறக்குறைய 0.93 சதவீதம் அது. 1894-இல் ராலே, ராம்சே என்ற இரண்டு பேர் கண்டுபிடித்து, எதோடும் சேராமல் சும்மா இருக்கிறதே என்று கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள் வருகிற மாதிரி பெயர் வைத்தார்கள். சோம்பேறியைக் காவலுக்கு வைத்துச் செய்கிற வேலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் காவலுக்கு வந்தது ஆர்கான்கூட இல்லை, ஹீலியம். அமெரிக்காவில் நார்த்ரோப் விமானக் கம்பெனியில் ரசல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தை ஒட்ட வழி தேடினார், அது காற்றில் சூடேற்றினால் தீப்பிடிக்கிற உலோகம். ஹீலியத்தை வைத்து அதை ஒட்டிக் காட்டி 1942-இல் காப்புரிமை வாங்கினார். அங்கே பழைய ஆட்கள் இன்னமும் ஹீலியார்க் என்று சொல்வது அதனால்தான்.

சரி, கற்ற கதைக்கு வருகிறேன்.

முதல் வாரம் கம்பியே கையில் தரவில்லை. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, 100 ஆம்பியர், டார்ச்சால் கோடு மட்டும் போட வேண்டும். ஊசிக்கும் தகடுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும், பிடித்துப் பார்த்தால் தெரியும். கொஞ்சம் கை இறங்கினால் ஊசி உருகிய இரும்பில் முங்கிவிடும், முங்கினால் நுனியில் ஒரு உருண்டை, ஆர்க் எங்கெங்கோ ஓடும், நிறுத்திவிட்டு மறுபடி கிரைண்டரில் ஊசியைச் சீவ வேண்டும். முதல் நாள் பதினேழு தடவை சீவினேன், எண்ணினேன். நாலாவது தடவைக்குப் பிறகு அவர் என்னைச் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார், அது மரியாதை குறைந்ததா உரிமை கூடினதா என்று இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

சீவுவதிலும் ஒரு சங்கதி உண்டு. கிரைண்டர் கல் விடுகிற கோடுகள் ஊசியின் நீளவாக்கில் இருக்க வேண்டும், சுற்றுவாக்கில் இருந்தால் ஆர்க் நேராக நிற்காமல் அலையும். எனக்குக் கடையில் கொடுத்தது சிவப்பு நுனி ஊசி. சிவப்பு என்றால் உள்ளே இரண்டு சதவீதம் தோரியம் கலந்திருக்கிறது, லேசான கதிரியக்கம் உள்ள பொருள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டாகக் கிடக்கிறதே, அதிலிருந்து வருகிற அதே தோரியம், அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் இருந்ததும் அதுதான். வெல்டு வைக்கும்போது பெரிய கவலை இல்லை, சீவுகிற தூசியை மூச்சில் இழுப்பதுதான் கெடுதல். பதினேழு தடவை சீவுகிற ஆளுக்கு அது தோதுப்படாது என்று லாந்தனம் கலந்த தங்க நிற நுனிக்கு மாறிவிட்டேன். அவர் மாறவில்லை, "முப்பது வருஷமா சிவப்புதான்" என்கிறார். அவருக்குச் சீவ வேண்டிய தேவையே அபூர்வம்.

அப்புறம் அந்தக் குட்டை, ஆர்க்குக்குக் கீழே உருகித் தேங்குகிற இரும்பு. ஆங்கிலத்தில் படில் என்பார்கள், நான் குட்டை என்றே எழுதுகிறேன். ஹெல்மெட் கண்ணாடி வழியாக முதலில் எனக்குப் பச்சையாக ஒரு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. "வெளிச்சத்தைப் பார்க்காத தம்பி, அதுக்குக் கீழ பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்குக் கீழே எதுவும் இல்லை. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ திடீரென்று தெரிந்தது. ஆர்க் விழுந்த இடம் முதலில் சும்மா சிவக்கிறது, ஒன்றிரண்டு விநாடியில் அந்தச் சிவப்புக்கு நடுவே ஒரு புள்ளி நனைந்ததுபோல மினுங்குகிறது, மினுக்கம் வட்டமாகப் பரவுகிறது, சூடான தோசைக்கல்லில் கெட்டி நெய் வைத்தால் ஓரம் இளகி விரியுமே, அப்படி. வட்டத்துக்கு ஒரு விளிம்பு இருக்கிறது, அந்த விளிம்பு நடுங்குகிறது. டார்ச்சை ஒரு மயிரிழை நகர்த்தினால் அதுவும் கூடவே வருகிறது, பின்னால் விட்டுவிட்டு வந்த இடம் உறைந்து ஒரு வளைகோடாக நிற்கிறது. நாய்க்குட்டி பின்னால் வருவதுபோல என்று அன்றைக்கு வீட்டில் சொன்னேன், யாருக்கும் புரியவில்லை.

குட்டை தெரிந்த பிறகுதான் கம்பி. வலது கையில் டார்ச், இடது கையில் ஒரு மீட்டர் நீளக் கம்பி. கம்பியை ஆர்க்கில் காட்டி உருக்கினால் அது உருண்டை கட்டிக்கொண்டு மேலே ஒட்டும், குட்டையின் முன் விளிம்பில் லேசாகத் தொட்டு எடுத்தால் குட்டையே அதை உறிஞ்சிக்கொள்ளும். தொடு, நகர்த்து, தொடு, நகர்த்து. தொட்டு எடுத்த நுனியை ரொம்பத் தள்ளிக் கொண்டுபோகக் கூடாது, சிவக்கச் சூடான நுனி ஆர்கான் குடைக்கு வெளியே வந்தால் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு அடுத்த சொட்டோடு வெல்டுக்குள் போகும். மறுபடியும் காற்று. கம்பி தீரத் தீர விரல்களாலேயே முன்னால் தள்ளிக்கொண்டும் இருக்க வேண்டும், கட்டைவிரல் தள்ள மற்ற விரல்கள் பிடித்து விட. இதுதான் எனக்கு இன்றுவரை வராத வித்தை.

கால் பெடல் வைத்த மெஷின்கள் உண்டு, மிதிக்க மிதிக்க ஆம்பியர் கூடும், தையல் மிஷின் மாதிரி. என்னிடம் இருப்பதில் இல்லை. அவர் வேலை பார்த்த காலத்திலும் இல்லை, பாய்லருக்குள் குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே படுத்துக்கொண்டு வைக்கிறவனுக்குப் பெடல் எங்கே போடுவது?

முடிக்கும் இடத்தில் நான் செய்த தப்பை எல்லாரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். சுவிட்சை விட்டதும், அப்பாடா என்று டார்ச்சைத் தூக்கிவிடுவேன். மெஷினோ ஆர்க் நின்ற பிறகும் சில விநாடி ஆர்கானை விட்டுக்கொண்டிருக்கிறது, 100 ஆம்பியருக்குப் பத்து விநாடி வைத்திருக்கிறோம். வெல்டும் ஊசியும் ஆறும் வரை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிவிடுவார். பத்து விநாடி சும்மா பிடித்துக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது மாதம் சொந்த மெஷின் வாங்கினேன். 200 ஆம்பியர், டிசி மட்டும், 18,500 ரூபாய். இதில் இரும்பும் எவர்சில்வரும் வைக்கலாம், அலுமினியம் வைக்க ஏசி வேண்டும், ஏனென்றால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்திருக்கிற ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல், அந்தத் தோலை உரித்துக்கொண்டே போக ஏசி மின்சாரத்தின் மாறி மாறி வருகிற ஒரு பாதிதான் தோது. அது பெரிய செலவு, பிறகு பார்க்கலாம். கரன்ட் பில் எகிறும் என்று வீட்டில் பயந்தார்கள். 80 ஆம்பியர் என்றாலும் ஆர்க்கில் 13 வோல்ட்தான் நிற்கிறது, பெருக்கினால் ஒரு கிலோவாட் சொச்சம், ஒரு அயர்ன்பாக்ஸ். பணம் போவது கேஸில். என்னிடம் இருப்பது 10 லிட்டர் சிலிண்டர், 150 பார் அழுத்தத்தில் 1,500 லிட்டர் ஆர்கான், நிமிடத்துக்கு 7 லிட்டர் வைத்தால் மூன்றரை மணி நேரம். நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறேன், தொழில் புத்தி விடுமா?

அந்த சிலிண்டரில் ஒரு தடவை நன்றாக அடிவாங்கினேன். கேஸ் மாற்றிக்கொண்டு வந்த சனிக்கிழமை, எல்லாம் அதேதான், தகடு அதே, ஆம்பியர் அதே, ஆனால் ஊசி நுனி தீக்குச்சி மாதிரி கருகிச் சிதைகிறது, வெல்டு புகைபடிந்து கிடக்கிறது. ஊசியை மாற்றினேன், கப்பை மாற்றினேன், ஹோஸில் சோப்பு நுரை தடவி லீக் பார்த்தேன். சாயங்காலம் வரை என் கைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார், ஊசியைக் கையில் வாங்கி ஒரு பார்வை, நேராக சிலிண்டருக்குப் போய் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கார்பன் டை ஆக்சைடு கலந்த ஆர்கான். மிக் என்று கம்பி தானாக வருகிற இன்னொரு வகை வெல்டிங் மெஷினுக்குப் போடுகிறது. கடைக்காரர் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார், சீட்டைப் படிக்காமல் தூக்கிக்கொண்டு வந்தது நான். இன்வாய்ஸில் சரக்கின் வகையைச் சொல்கிற எச்எஸ்என் கோடு ஒன்று தப்பாக இருந்தால் இரண்டு மைல் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவன் நான், சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணில் வாங்கினது வேறு கதை. ஆர்க் வந்ததும் தானே கறுக்கிற ஹெல்மெட், விலை குறைவு என்று வாங்கினேன். 20 ஆம்பியர் போலக் குறைவாக வைத்தாலோ, சென்சாரை ஏதாவது மறைத்தாலோ அது சில சமயம் கறுக்காமல் விட்டுவிடுகிறது. ஒரு பளிச், ஒன்றும் ஆகவில்லை, தொடர்ந்தேன், இன்னொரு பளிச். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். இரவு ஒரு மணிக்கு இரண்டு கண்ணிலும் ஆற்று மணலை அள்ளிப் போட்டதுபோல. கருவிழியின் மேல் தோல் வெயில்பட்டு வெந்ததுபோல வெந்துவிடுவதாம், உடனே தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார், மாமியார் போனிலேயே உருளைக்கிழங்கு வைத்தியம் சொன்னார், காலையில் கண் டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டு நாள் இருட்டறையில் இருக்கச் சொன்னார். டாக்டர் சொன்னதைத்தான் கேட்டேன். இப்போது நல்ல ஹெல்மெட், கண்ணாடியின் கறுப்பை நம்பர் 10-இல் வைத்து, ஒவ்வொரு தடவையும் சூரியனைப் பார்த்துக் கறுக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் குனிகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விளையாட்டு இல்லை. தகடைத் துடைக்க அசிட்டோன் போதும். பைக் பிரேக் கிளீனர் ஸ்பிரேயில் குளோரின் கலந்த வகை இருக்கிறது, அது காயாமல் இருக்கும்போது ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு. அந்த டப்பா பட்டறைக்குள்ளேயே வேண்டாம்.

எவர்சில்வருக்கு வந்தபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த மாதிரி ஆகிவிட்டது. 304 என்ற ரக எவர்சில்வர் தகடு, அதற்கு 308எல் என்ற ரகக் கம்பி. சூடு அளவாக இருந்தால் வெல்டு ஓரம் வைக்கோல் நிறமாக, பொன்னிறமாக வரும், அதிகமானால் ஊதா, நீலம், கடைசியில் சாம்பல். ஒரு நாள் வரிசையாக நாணயம் அடுக்கினதுபோல, பொன்னிறத்தில், எனக்கே கண் படும்படி ஒன்று வந்துவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் எதுவும் சொல்லாமல் தகடைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் பாகு கருகி அடிப்பிடித்ததுபோலக் கறுப்பாகப் பொரிந்து கிடந்தது. மேலே ஆர்கான் இருந்தது, கீழே யார் பார்த்தது? சூடு முழுக்க ஊடுருவி இறங்கியிருக்கிறது, அந்தப் பக்கம் காற்று நின்றுகொண்டிருந்திருக்கிறது. குழாயாக இருந்தால் இரண்டு முனையையும் டேப் போட்டு அடைத்து உள்ளேயும் ஆர்கான் நிரப்பிக்கொண்டுதான் வைப்பார்களாம். "முன்னாடி நீ பார்க்கலாம், பின்னாடி எக்ஸ்ரே பார்க்கும்" என்றார். போட்டோவை அழித்துவிட்டேன்.

வாளிக்கு நாள் வந்தது ஆனி கடைசியில். அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் தடிமன் இருக்கும் அந்த வாளி. 20 ஆம்பியர் வைத்து, ஊசியைக் குண்டூசி முனையாகச் சீவி, கிழிசலின் ஒரு முனையில் ஆரம்பித்தேன். குட்டை வந்தது, மினுங்கியது, நான் கம்பியைக் கொண்டுபோவதற்குள் விளிம்பு விலகி ஒரு பட்டாணி அளவுக்கு ஓட்டை. நகக்கீறலாக இருந்ததை ஓட்டையாக்கிவிட்டேன். கை நடுங்கியது. அவர் எழுந்துபோய் ஒரு செப்புத் துண்டைக் கொண்டுவந்தார், மின்சாரப் பெட்டியில் கரன்ட் ஓடுகிற பஸ்பார் பட்டையில் வெட்டினது, வாளியின் வளைவுக்குத் தட்டி வளைத்து உள்பக்கம் ஒட்டி இறுக்கிப் பிடித்தார். செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், உருகிய எவர்சில்வர் அதில் ஒட்டாது, பின்பக்கம் காற்றுக்கும் இடமில்லை. ஒரு சொட்டு வை, நிறுத்து, பத்து எண்ணு, அடுத்த சொட்டு. இப்படி ஓட்டையை ஓரத்திலிருந்து உள்ளே மூடிக்கொண்டு வந்தோம். சொட்டெல்லாம் நான்தான் வைத்தேன், எண்ணினது அவர். காதையும் திருப்பி ஒட்டினேன். அழகாக இல்லை, பெயர் வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு மேடு. தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தோம், ஒழுகவில்லை. அம்மா மேட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

இப்போது ஆடி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நிமிடத்துக்கு 7 லிட்டர் ஆர்கான் எம்மாத்திரம்? என் மெஷின் இருப்பது இரண்டு பக்கமும் திறந்த கார் ஷெட்டில். தார்ப்பாய் கட்டிப் பார்த்தேன், அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு சிலிண்டரைத் தள்ளப் பார்த்தது. காற்று அடங்கும் வரை வேலை கிடையாது என்று அவரும் பேரனோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், போகும்போது இடது கைக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் ராத்திரி சாப்பிட்டதும் ஹாலில், ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையுறை மட்டும் போட்டு, தென்னை ஈர்க்குச்சியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி முன்னால் விட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று நிறுத்தாமல் கடைசி வரை தள்ளினது மூன்று குச்சி, கீழே விழுந்தது பதினொன்று. துடைப்பம் இளைத்துப்போனதற்கு யார் காரணம் என்று அம்மா இன்னும் கேட்கவில்லை.